கழட்ட விடாத போல்ட்டு: வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல பழைய கார் ஸ்டீரிங் பகுதியைப் பிரிச்சுப் பாக்குறதைப் பத்தி எழுதினேன்ல, அதுக்கப்புறம் வந்த கடிதங்கள்ல பாதிக்கு மேல ஒரே விஷயம்தான், ஸ்பேனர் பிடிக்க இடமே இல்லாத போல்ட்டு, நடுவுல குச்சி நிக்கிற ஸ்டார் தலை, சாவி தொலைஞ்ச வீல் நட்டு. அதனால இந்த மாசம் பூரா இதையே எடுத்துக்கிட்டேன். எல்லாருக்கும் பொதுவா ஒண்ணு முதல்லயே சொல்லிடுறேன். கம்பெனிக்காரன் ஒரு போல்ட்டை சுலபமா கழட்ட முடியாதபடி போட்டிருக்கான்னா அதுக்கு ஒரு காரணம் இருக்கும், திருட்டுக்காக இருக்கலாம், ஆளுக்கு அடிபடக்கூடாதுன்னு இருக்கலாம், உள்ள இருக்குற செட்டிங்கை யாரும் கலைக்கக்கூடாதுன்னு இருக்கலாம். இதுல எதுன்னு தெரிஞ்சுக்கிட்டு கைய வைங்க, ஏன்னா எவ்வளவு முரட்டுத்தனமா கழட்டலாம், திரும்ப என்ன போடணும் ரெண்டுமே அதைப் பொறுத்துதான்.

கேள்வி: சார், என் கார் இருபது வருஷம் தாண்டிடுச்சு. சாவி போடுற இடம் இறுகிக்கிட்டே வந்து இப்போ பல நேரம் திரும்பவே மாட்டேங்குது. ஸ்டீரிங் லாக்கோட சேத்து மாத்திடலாம்னு புது செட்டும் வாங்கிட்டேன். கவரை கழட்டிப் பாத்தா லாக்கைப் பிடிச்சிருக்குற ரெண்டு போல்ட்டுக்கும் தலை வழவழன்னு உருண்டையா இருக்கு, வெட்டும் இல்ல, ஆறு பட்டையும் இல்ல. இதை எப்படித்தான் மாட்டினாங்க, எப்படித்தான் கழட்டுறது?

பதில்: அதுக்கு பேரு ஷியர் போல்ட். மாட்டும்போது அதுக்கு சாதாரண ஆறு பட்டை தலை இருந்திருக்கும், அந்தத் தலைக்குக் கீழ கழுத்து மாதிரி ஒல்லியா ஒரு இடம் விட்டிருப்பாங்க, ஸ்பேனர் போட்டு முறுக்க முறுக்க ஒரு அளவு இறுக்கம் வந்ததும் கழுத்து முறிஞ்சு பட்டைத் தலை கையோட வந்துடும், மிச்சம் நிக்கிறதுதான் நீங்க பாத்த உருண்டை. கண்ணாடியை உடைச்சு உள்ள வர்றவன் ஒரு ஸ்பேனரை வச்சு லாக்கைக் கழட்டிட்டு வண்டியை ஓட்டிட்டுப் போயிடக்கூடாதுங்கிறதுதான் நோக்கம். அமெரிக்காவுல 1970 ஜனவரியில இருந்து புது கார்கள்ல சாவியை எடுத்தா இன்ஜினும் ஸ்டார்ட் ஆகக்கூடாது, ஒண்ணு ஸ்டீரிங் பூட்டணும் இல்ல வண்டி நகராம பூட்டணும்னு விதி வந்துச்சு, மத்த நாடுகள்லயும் அந்த மாதிரி விதிகள் இருக்கு, அதனால பழைய காருன்னாலும் இந்த போல்ட்டை நீங்க நிறைய இடத்துல பாக்கலாம்.

ஆனா போல்ட்டைத் தொடுறதுக்கு முன்னாடி உண்மையிலயே முழு லாக்கையும் மாத்தணுமான்னு பாருங்க, நிறைய பேர் இதை யோசிக்காம இறங்கிடுறாங்க. பல கார்கள்ல அந்த செட்டு மூணு பாகமா இருக்கும். சாவி நுழையுற பேரல் ஒண்ணு, ஸ்டீரிங்கைப் பிடிக்கிற லாக் உடம்பு ஒண்ணு, பின்னாடி ஒயர் வர்ற எலக்ட்ரிக் சுவிட்ச் ஒண்ணு. சாவி நல்லா திரும்புது ஆனா ஸ்டார்ட்டர் இழுக்கலைன்னா கோளாறு பெரும்பாலும் பின்னாடி சுவிட்ச்ல, அது சின்ன ஸ்க்ரூவுலதான் நிக்கும், ஷியர் போல்ட்டுக்கு வேலையே இல்ல. சாவி நுழைஞ்சும் திரும்ப மாட்டேங்குது, அதாவது உங்க கேஸ்னா, பேரல் மட்டும் தேஞ்சிருக்க வாய்ப்பு அதிகம், பல வண்டிகள்ல சாவியை ஆக்சசரி நிலைக்கு, அதாவது இன்ஜின் ஓடாம ரேடியோ மட்டும் ஓடுற நிலைக்குக் கொண்டுவந்து லாக் உடம்புல இருக்குற சின்ன ஓட்டைக்குள்ள ஒரு கம்பியை விட்டு அழுத்தினா பேரல் தனியா வெளிய வந்துடும். இப்போ சில நேரமாவது திரும்புதுன்னு எழுதியிருக்கீங்க, அப்படின்னா திரும்புற நேரத்துல இதை செஞ்சு பாருங்க, முழுசா சிக்கிட்டா அப்புறம் இந்த வழி கிடைக்காது. உங்க வண்டியோட மேனுவல்ல அந்த ஓட்டை எங்க இருக்குன்னு படமே இருக்கும்.

சரி, லாக் உடம்பையேதான் மாத்தணும்னு முடிவாயிடுச்சுன்னு வச்சுக்குவோம். பேட்டரி நெகட்டிவை கழட்டுங்க, ஏர்பேக் இருக்குற வண்டின்னா மேனுவல்ல சொன்ன நேரம் வரைக்கும் காத்திருங்க, அதைப் பத்தி அடுத்த கேள்வியில விரிவா சொல்றேன். சக்கரத்தை நேரா வச்சுக்கிட்டு ஸ்டீரிங் காலத்தை (வீல்ல இருந்து கீழ போற தண்டும் அதை மூடியிருக்குற குழாயும் சேர்ந்த பாகம்) டேஷ்போர்டுக்குக் கீழ பிடிச்சிருக்குற போல்ட்டுகளைக் கழட்டி காலத்தை சீட்டு மேல இறக்கி வைங்க, ஒயர்ல தொங்க விடாதீங்க. இப்படி இறக்கினாத்தான் போல்ட்டு தலைக்கு நேரா கையும் கருவியும் போகும், இறக்காம குனிஞ்சு அண்ணாந்து பாத்துக்கிட்டே செய்யுறதாலதான் பாதி பேருக்கு உளி வழுக்கி பக்கத்துல இருக்குற ஒயர் அறுந்து போகுது.

முதல்ல உளியும் சுத்தியலும். சின்ன கூர் உளியை எடுத்து உருண்டைத் தலையோட விளிம்புல, நடுவுல இருந்து எவ்வளவு தள்ளி முடியுமோ அவ்வளவு தள்ளி, நேரா வச்சு ஒரு தட்டு தட்டி சின்னதா ஒரு பள்ளம் பண்ணுங்க. அப்புறம் உளியை அதே பள்ளத்துல சாய்ச்சு வச்சு இடது பக்கமா சுத்துற திசையில லேசா லேசா தட்டிக்கிட்டே போங்க. ஓங்கி ஒரே அடி அடிக்கிறதுல பிரயோஜனமே இல்ல, சின்ன சின்ன தட்டு நிறைய போடணும். இந்த போல்ட்டு வண்டிக்குள்ள இருக்குறதால மழைத் தண்ணியும் துருவும் அவ்வளவா பட்டிருக்காது, அதனால ஒரு கால் சுத்து அசைஞ்சிடுச்சுன்னா பெரும்பாலும் மிச்சத்தை கையாலயே சுத்தி எடுத்துடலாம். தலை கொஞ்சம் வெளிய நீட்டிக்கிட்டிருந்தா உளி கூட வேண்டாம், வைஸ் கிரிப்பை நல்லா இறுக்கிப் பிடிச்சு திருப்பினாலே வரும். இல்ல சின்ன கட்டிங் வீலை வச்சு தலைக்குக் குறுக்க ஒரு வெட்டு போட்டு பெரிய ஸ்க்ரூ டிரைவரை வச்சு திருப்பலாம், அப்போ பொறி பறக்கும், சீட்டு கார்பெட் எல்லாத்தையும் ஈரத்துணி போட்டு மூடிக்கோங்க, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போடாம இந்த வேலையைத் தொடவே தொடாதீங்க.

ஒண்ணு மட்டும் ஜாக்கிரதை, இதை நான் ரொம்ப அழுத்தியே சொல்றேன். ஸ்டீரிங் காலம் மோதும்போது மடங்கணும்னு செஞ்ச பொருள். ஜெனரல் மோட்டார்ஸ் 1967 மாடல்லயே அந்த மாதிரி காலம் கொண்டுவந்துட்டாங்க, சில வகைகள்ல ரெண்டு குழாயையும் பிடிச்சிருக்குறது பிளாஸ்டிக் பின்னுதான். நீங்க காலத்தோட நீளவாக்குல ஓங்கி அடிச்சா அந்தப் பின் உடைஞ்சு காலம் ஆட ஆரம்பிச்சிடும், அப்புறம் காலத்தையே மாத்தணும். லாக் உடம்பும் பல வண்டிகள்ல வார்ப்பு உலோகம், பக்கவாட்டுல ஓங்கி அடிச்சா விரிசல் விடும். அதனாலதான் லேசா தட்டச் சொல்றேன்.

உளிக்கு அசையலைன்னா ட்ரில். தலைக்கு நட்ட நடுவுல சென்டர் பஞ்ச் (பிட் வழுக்காம நிக்க சின்ன குழி போடுற கூர் கம்பி) அடிச்சுக்கோங்க, இதுல கோணினா மிச்சம் எல்லாம் கோணிடும். முதல்ல 3 மி.மீ. பிட், அப்புறம் 5 மி.மீ. இடது கை ட்ரில் பிட், அதாவது இடது பக்கம் சுத்தி வெட்டுற பிட் கிடைச்சா அதையே போட்டு ட்ரில்லை ரிவர்ஸ்ல ஓட்டுங்க, குடையும்போதே பிட் போல்ட்டைக் கடிச்சு பல நேரம் போல்ட்டு தானா சுத்திக்கிட்டு வெளிய வந்துடும், இது நடக்குறதைப் பாத்தா அவ்வளவு நிம்மதியா இருக்கும். அதுக்கும் வரலைன்னா போல்ட்டோட தண்டு அளவுக்கு பிட்டை ஏத்திக்கிட்டே போய் தலையை மட்டும் குடைஞ்சு எடுத்துடுங்க, 8 மி.மீ. போல்ட்டுன்னா 8 மி.மீ. பிட், தலை போனதும் கிளாம்ப் விலகிடும், இறுக்கம் இல்லாததால மிச்சம் நிக்கிற தண்டை பிளையர்ல பிடிச்சு சுத்தி எடுத்துடலாம்.

புது போல்ட்டு போடும்போது உடனே தலையை முறிச்சிடாதீங்க. ரெண்டையும் சமமா கை இறுக்கமா வச்சுக்கிட்டு சாவியை எல்லா நிலைக்கும் திருப்பிப் பாருங்க, சாவியை எடுத்துட்டு ஸ்டீரிங்கைத் திருப்பி லாக் விழுதா பாருங்க, திரும்ப சாவி போட்டதும் தடங்கல் இல்லாம விடுதா பாருங்க, இதை பல தடவை செய்யுங்க. லாக் உடம்பு ஒரு மயிரிழை கோணலா உக்காந்தாலும் ஸ்டீரிங்கைப் பிடிக்கிற நாக்கு உரசும், ஓடும்போது ஸ்டீரிங் பிடிச்சுக்குமோன்னு சந்தேகம் வர்ற வேலையை யாரும் செஞ்சுவிடக்கூடாது. எல்லாம் சரியா இருந்தா அப்புறம் ரெண்டு பக்கமும் மாத்தி மாத்தி இறுக்கி தலை முறியுற வரைக்கும் போங்க.

கேள்வி: அண்ணே, ஸ்டீரிங் வீலுக்குப் பின்னாடி ஏர்பேக்கை பிடிச்சிருக்குற போல்ட்டுல ஸ்டார் மாதிரி பள்ளம் இருக்கு, ஆனா நடுவுல ஒரு குச்சி நிக்குது, என்கிட்ட இருக்குற ஸ்டார் பிட் உள்ள போக மாட்டேங்குது. குச்சியை உடைச்சிடலாம்னு பக்கத்துல ஒருத்தர் சொல்றார். செய்யலாமா?

பதில்: ஏர்பேக்குல செய்யாதீங்க தம்பி. ஸ்டார்னு நாம சொல்ற டார்க்ஸ் தலை 1967-ல கேம்கார் டெக்ஸ்ட்ரான் கம்பெனி கொண்டுவந்தது, முனை வழுக்காம அதிக இறுக்கம் கொடுக்கத்தான் அதை செஞ்சாங்க, பூட்டுறதுக்காக இல்ல. அப்புறம் எல்லார் கையிலயும் ஸ்டார் பிட் வந்ததும் நடுவுல குச்சி வச்ச வகை வந்துச்சு. அதுக்கு முனையில ஓட்டை போட்ட பிட் தனியா செட்டாவே கிடைக்கும், ஓட்டை உள்ள பிட் சாதாரண ஸ்டார் போல்ட்டுக்கும் பொருந்தும், அதனால வாங்குறதா இருந்தா ஓட்டை உள்ள செட்டையே வாங்கிடுங்க. பழைய வண்டி வச்சிருக்குறவங்களுக்கு இது வீண் போகாது.

அளவை சரியா பாருங்க. டி25-க்கும் டி27-க்கும் நடுவுல அரை மி.மீ. அளவுதான் வித்தியாசம், சின்னது உள்ள போயிடும், போனதும் சரின்னு நினைச்சு திருப்பினா ஆறு முனையும் மழுங்கிடும். பள்ளத்துல இருக்குற அழுக்கை ஊசியால சுரண்டி எடுத்துட்டு, உள்ள போறதுலயே பெரிய பிட் எதுவோ அதைப் போடுங்க. இன்னொண்ணு, முனைகளை எண்ணுங்க. அஞ்சு முனை இருந்தா அது வேற வகை, ஆறு முனை பிட் எதுவும் அதுல உக்காராது, அதுக்குன்னு இருக்குற அஞ்சு முனை பிட்டுதான் வேணும்.

ஏர்பேக்குக்கு வருவோம். பேட்டரியைக் கழட்டினதும் அது செத்துப் போயிடாது, மோதல்ல பேட்டரி அறுந்து போனாலும் வெடிக்கணும்னு கன்ட்ரோல் யூனிட்டுல கொஞ்சம் மின்சாரம் சேத்து வச்சிருக்கும், அது வடியுற நேரம் வண்டிக்கு வண்டி வேற, மேனுவல்ல போட்டிருக்குற நேரத்தை முழுசா விடுங்க. அந்தப் போல்ட்டு மேல சுத்தியல், இம்பாக்ட் கன், சூடு எதுவும் படக்கூடாது. கனெக்டர்ல மல்ட்டிமீட்டர் வச்சு ஓம்ஸ் பாக்கவே கூடாது, மீட்டர்ல இருந்து போற சின்ன மின்சாரம் கூட ஆபத்து. கழட்டினதும் மெத்தைப் பக்கம், அதாவது பை விரிஞ்சு வெளிய வர்ற பக்கம், உங்க உடம்பைப் பாக்காம பிடிச்சுத் தூக்குங்க, கீழ வைக்கும்போது மெத்தை மேல பாக்குற மாதிரி வைங்க. வீலையும் எடுக்குறதா இருந்தா சக்கரம் நேரா இருக்கட்டும், வீல் வெளிய இருக்கும்போது உள்ள இருக்குற சுருள் ஒயர் தட்டை சுத்தி விட்டுடாதீங்க, அது நடு தவறினா பின்னாடி திருப்பும்போது அறுந்துடும்.

காத்து அளக்குற சென்சார் மாதிரி இடத்துல இதே குச்சி வச்ச ஸ்க்ரூ இருக்கும், டி20 அளவு அதிகமா பாக்கலாம். அங்க பிட் கிடைக்காத அவசரத்துல, குச்சிக்குப் பக்கத்துல சின்ன பஞ்சை சாய்ச்சு வச்சு தட்டினா குச்சி முறியும், துகள் காத்துப் பாதைக்குள்ள விழாம துணி அடைச்சுட்டு செய்யுங்க.

கேள்வி: ஷியர் போல்ட்டுல ஓட்டை போட்டு, உள்ள கடிச்சு இழுக்குற எதிர்மரைக் கருவி, அதான் எக்ஸ்ட்ராக்டர், அதைப் போட்டு திருப்பினேன், அது உள்ளயே முறிஞ்சு போச்சு. ட்ரில் போட்டா பிட் வழுக்குது, ஒண்ணும் கடிக்கல. என்ன பண்றதுன்னே தெரியல சார்.

பதில்: வழுக்கத்தான் செய்யும், எக்ஸ்ட்ராக்டர் ரொம்ப கெட்டியா பதம் பண்ணின எஃகு, சாதாரண ட்ரில் பிட்டுக்கு அது மசியாது, இன்னும் அழுத்தினா பிட்டு பக்கத்துல இருக்குற மெது உலோகத்துக்குள்ள வழுக்கிப் போய் மரையையே தின்னுடும், அதனால ட்ரில்லை நிறுத்திடுங்க. கெட்டியா இருக்குறதாலயே அது உடையவும் செய்யும், கூரான பஞ்சை வச்சு சுருக்குன்னு ஒரு தட்டு தட்டிப் பாருங்க, துண்டு துண்டா வந்தா ஊசியாலயும் காந்தத்தாலயும் எடுத்துடலாம். இல்லைன்னா கார்பைட் பர்னு ரொம்ப கெட்டியான அரைக்கிற முனை இருக்கு, அதை வச்சு பொறுமையா சுத்தி சுத்தி அரைக்கணும். போல்ட்டு முனை வெளிய தெரிஞ்சா அது மேல ஒரு நட்டை வச்சு வெல்டிங் பண்ணி ஸ்பேனர் போட்டு திருப்புறது இன்னும் நல்ல வழி, வெல்டிங் சூட்டுல இறுக்கமும் விட்டுடும், ஆனா அதை காலம் வண்டியில இருக்கும்போது செய்யாதீங்க, கழட்டி மேஜைக்குக் கொண்டுவந்து ஒயரு பிளாஸ்டிக்கு எல்லாம் எடுத்துட்டு செய்யுங்க. எதுக்கும் வரலைன்னா மின்பொறியால உலோகத்தை அரிக்கிற மெஷின் வச்சிருக்குற பட்டறைக்குக் கொண்டுபோனா முறிஞ்ச துண்டை மட்டும் கரைச்சு எடுத்துக் கொடுப்பாங்க, மரைக்கு ஒண்ணும் ஆகாது.

எக்ஸ்ட்ராக்டரை முதல் ஆயுதமா எடுக்குறது எனக்கு என்னைக்குமே பிடிக்காது. அது நுனி ஒல்லியா தலை பெருசா இருக்குறதால, இறக்க இறக்க போல்ட்டை உள்ள இருந்து விரிக்குது, விரிஞ்சா மரை இன்னும் இறுகுது. இடது கை ட்ரில் பிட் தோத்த இடத்துல, எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி ஊற வச்சுட்டு அப்புறம் எக்ஸ்ட்ராக்டரை அளவா திருப்புங்க, கருவி கொஞ்சம் வளையுற மாதிரி தெரிஞ்சாக்கூட நிறுத்திடுங்க.

கேள்வி: கழட்டினது கழட்டியாச்சு, திரும்ப தலையில ஆறு பட்டை குழி இருக்குற சாதாரண ஆலன் போல்ட்டு போட்டா அடுத்த தடவை சுலபமா இருக்குமே, என்ன தப்பு?

பதில்: சென்சார் ஸ்க்ரூவுக்கு ஒரு தப்பும் இல்ல, அதே நீளம் அதே மரை இருந்தா தாராளமா போடுங்க, நானும் அதையேதான் சொல்வேன். ஸ்டீரிங் லாக்குக்கு வேண்டாங்க. ஆலன் கீ இல்லாத திருடன் கிடையாது, நீங்க வண்டியோட பூட்டை நீங்களே திறந்து வச்ச மாதிரி ஆயிடும், பின்னாடி வண்டியை வாங்குறவங்களுக்கும் அது தெரியாது. ஏர்பேக்குக்கும் சீட் பெல்ட்டுக்கும் அந்தந்த இடத்துக்குன்னு கொடுத்த போல்ட்டு மட்டும்தான், பாக்க அதே மாதிரி இருந்தாலும் எஃகோட தரம் வேறயா இருக்கும்.

கேள்வி: பழைய கார் வாங்கினேன், நாலு சக்கரத்துலயும் ஒவ்வொரு லாக் நட்டு இருக்கு, அதுக்கான சாவியை முன்னாடி வச்சிருந்தவங்க தொலைச்சுட்டாங்களாம். பஞ்சர் ஆனா என்ன செய்யுறதுன்னு பயமா இருக்கு.

பதில்: பஞ்சர் ஆகுறதுக்கு முன்னாடியே கேட்டீங்களே, அதுவே நல்லது தங்கச்சி. முதல்ல வண்டியோட புத்தகப் பையையும் டிக்கியில ஸ்டெப்னி கிடக்குற பள்ளத்தையும் தேடுங்க, சாவி பாதி நேரம் அங்கதான் கிடக்கும். சாவி இல்லைன்னாலும் அதோட நம்பர் எழுதின அட்டை கிடைச்சா அந்த நம்பரை வச்சு வேற சாவி வரவழைக்கலாம். ரெண்டும் இல்லைன்னா, உள்பக்கம் எதிர்மரை போட்ட சாக்கெட்டுன்னு ஒண்ணு இருக்கு, அதை நட்டு தலை மேல சுத்தியலால அடிச்சு ஏத்தி திருப்பினா, திருப்ப திருப்ப அது நட்டைக் கடிச்சுக்கிட்டே போகும். அதுக்கு முன்னாடி அதே சக்கரத்துல இருக்குற மத்த நட்டுகளைக் கொஞ்சம் இறுக்கிக்கோங்க, லாக் நட்டு மேல இருக்குற பாரம் குறையும். வண்டி தரையில நிக்கட்டும், சக்கரத்துக்குக் கட்டை கொடுங்க, அலாய் வீல்னா ஓட்டையைச் சுத்தி டேப் ஒட்டுங்க. தலையைச் சுத்தி தனியா சுழலுற வளையம் இருக்குற வகையா இருந்தா அந்த சாக்கெட்டுல வளையம்தான் சுத்தும், நட்டு நகராது, அதை அதுக்குன்னு கருவி வச்சிருக்குற டயர் பட்டறையில கொடுத்துடுங்க. புது லாக் நட்டு போட்டா அந்தச் சாவியில இம்பாக்ட் கன் போடவே விடாதீங்க, சர்வீஸ் விடும்போதே வாயால சொல்லிடுங்க, பல சாவி உடையுறது அதுலதான்.

கேள்வி: கார்புரேட்டர்ல மிக்சர் ஸ்க்ரூவை, அதாவது பெட்ரோலும் காத்தும் கலக்குற அளவை மாத்துற ஸ்க்ரூவை, ஒரு உலோக மூடி போட்டு அடைச்சிருக்காங்க. ஐடில், அதான் ஆக்சிலரேட்டரை மிதிக்காம இன்ஜின் ஓடுறது, சரியில்ல. குடைஞ்சு எடுக்கவா?

பதில்: கடைசியா எடுங்க. புகை அளவை கலைக்கக்கூடாதுன்னு போட்ட மூடி அது, வண்டி புதுசா இருந்தப்போ அந்த செட்டிங் சரியாத்தான் இருந்துச்சு, மூடிக்குள்ள இருந்துக்கிட்டு அது தானா மாறியிருக்க வாய்ப்பு கம்மி. வேக்கம் ஓஸ்ல விரிசல், கார்புரேட்டருக்கு அடியில கேஸ்கெட் கசிவு, மிதவை மட்டம், டைமிங், இதெல்லாம் பாத்துட்டீங்களா? பாத்தும் சரியாகலைன்னா மட்டும் மூடியோட நடுவுல சின்ன ஓட்டை போட்டு, அதுல ஒரு ஸ்க்ரூவை லேசா ஏத்தி பிளையரால இழுங்க. மூடி மெல்லிசு, பின்னாடியே ஊசி ஸ்க்ரூ இருக்கு, பிட் அதுல படக்கூடாது. திருப்புறதுக்கு முன்னாடி ஸ்க்ரூவை மெதுவா அடி வரைக்கும் இறக்கி எத்தனை சுத்து போகுதுன்னு எழுதி வச்சுக்கோங்க, அடியில இறுக்கிடாதீங்க, ஊசி நுனி நசுங்கிடும். புகை டெஸ்டர் வச்சு சரி பண்ணிட்டு புது மூடி போட்டுடுங்க. டீசல் பம்புல ஈய முத்திரை போட்ட ஸ்க்ரூவைப் பத்தியும் ரெண்டு பேர் கேட்டிருந்தாங்க, அதைத் தொடவே வேண்டாம், டீசல் கூடினா கரும்புகையும் பிஸ்டன் சூடும்தான் கூடும், அது பம்பு டெஸ்ட் பெஞ்சுல வச்சு செய்யுற வேலை.

கேள்வி: வண்டிக்கு அடியில குறுக்க போற கிராஸ் மெம்பர் சட்டத்துக்குப் பக்கத்துல ஒரு போல்ட்டு சிவப்பு பசை போட்டு இறுக்கியிருக்கு, ட்ரில்லும் நேரா நுழைய இடமில்ல. வழி சொல்லுங்க.

பதில்: அந்த சிவப்பு பசைக்கு த்ரெட்லாக்கர்னு பேரு, மரை தானா தளராம பிடிக்கிற பசை, அது சாதாரண இழுப்புக்கு விடாது, சுமார் 260 டிகிரி செல்சியஸ் சூடு போல்ட்டுக்கு ஏறணும், அப்போ பசை இளகும், சூடு ஆறுறதுக்குள்ள திருப்பணும். பக்கத்துல பெட்ரோல் குழாய், பிரேக் ஓஸ், ரப்பர் புஷ் இருந்தா தீ காட்டாதீங்க, போல்ட்டு தலையை மட்டும் சூடாக்குற இண்டக்ஷன் சுருள் கருவி இருக்கு, அதை வாங்கவோ இரவல் வாங்கவோ பாருங்க. ட்ரில் நுழையாத இடத்துக்கு எல் வடிவத்துல திரும்புற ட்ரில் தலையும் குட்டையான பிட்டும் போதும், அதுலயும் முதல்ல சென்டர் பஞ்ச் அடிச்சுட்டுத்தான்.